சமயமும் கலையும் மேற்படிப்பாகப் படிக்க விரும்பும் நம் பிள்ளைகளுக்கு

(ஜூபிலி இளைஞர் நாளன்று சேதராப்பட்டில் பங்கின் கல்விக் குழு சார்பில் ஆற்றிய உரை)

 

நாங்கள் இன்று எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டவுடனே சிலர் முகம் சுளித்தார்கள். பொறியியல், நர்சிங், ஐ.டி.ஐ. பற்றிப் பேசினால் பலன் உண்டு. சமயப் படிப்பு, தத்துவம், சரித்திரம், தமிழ் இவற்றில் எம்.ஏ., பி.எச்.டி. விண்ணப்பம் போடுவதைப் பற்றிச் சேதராப்பட்டில் பேசுவானேன் என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான். வீட்டு வாசலில் தொழிற்பேட்டை இருக்கிறது. பி.ஏ. முடித்த பிள்ளை ஷிப்டுக்குப் போனால் மாதம் பிறந்ததும் வீட்டுக்குப் பணம் வருகிறது.

ஆயினும் நம் பங்கிலேயே சரித்திரத்தில் பி.ஏ. முடித்த ஒரு தங்கை, பேட்டைக் கம்பெனியில் இரவு ஷிப்டு பார்த்துக்கொண்டே, நம்மவர்களின் பழைய பக்தி முயற்சிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்ய வழி உண்டா என்று எங்களைக் கேட்டு வந்தாள். கூடவே அவள் தாயாரும் வந்தார்கள். "சாமியாராகவோ கன்னியாஸ்திரியாகவோ போகாத பெண்ணுக்கு வேதப் படிப்பு எதற்கு ஐயா?" என்பது அந்த அம்மாளின் கேள்வி. இரண்டு கேள்விகளுக்கும் பதில் தேடப் போய்த்தான் இந்த உரை உருவானது.

தாயாரின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம். குருமடத்தில் கற்பிக்கும் இறையியல் ஒன்று. பல்கலைக்கழகத்தில் சமயத்தைப் பாடமாகப் படிப்பது வேறு. முன்னது விசுவாசத்திலிருந்து புறப்பட்டுத் திருச்சபையின் பணிக்கு ஆள் தயாரிக்கிறது. பின்னது, மனிதர்கள் எப்படிக் கும்பிட்டார்கள், எதைப் பாடினார்கள், எதற்காகச் சண்டையிட்டார்கள், ஏட்டில் என்ன எழுதி வைத்தார்கள் என்று விசாரிக்கிறது. அங்கே விண்ணப்பிக்கிறவரின் மதத்தைக் கேட்பதில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்தவத்துக்கு ஒரு துறை, சைவ சித்தாந்தத்துக்கு ஒரு துறை, வைணவத்துக்கு ஒரு துறை, சமணத்துக்கு ஒரு துறை என்று ஒரே பல்கலைக்கழகத்துக்குள் இருக்கின்றன. அமெரிக்கரான பிரான்சிஸ் குளூனி என்னும் சேசு சபைக் குரு, நம்மாழ்வாரின் திருவாய்மொழியையும் அதன் உரைகளையும் தமிழிலேயே படித்து, 1984-இல் சிக்காகோவில் டாக்டர் பட்டம் பெற்று, பின்னர் ஹார்வர்டில் பேராசிரியரானார். ஓர் அமெரிக்கச் சாமியார் ஆழ்வாரைப் படிக்கலாமென்றால், சேதராப்பட்டுப் பெண் தன் பாட்டி பாடிய புலம்பலை ஆராய்ந்தால் என்ன குறைந்துவிடும்?

இனி விண்ணப்பத்துக்கு வருவோம். இதற்கு நம் நாட்டார் நன்கறிந்த ஒருவரின் வாழ்க்கையே போதிய பாடம். யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறைப் பக்கம் கரம்பனில் 1913-இல் பிறந்தவர் தனிநாயகம் அடிகள். 1934-இல் ரோமாபுரிக்குச் சென்று உர்பன் பல்கலைக்கழகத்தில் இறையியல் படித்தார். 1938-இல் குருப்பட்டம் பெற்றார். பழைய கார்த்தேஜ் நகரத் திருச்சபையின் குருக்களைப் பற்றி ஆராய்ந்து டாக்டர் பட்டமும் வாங்கினார். இத்தாலியம், பிரஞ்சு, போர்த்துக்கீசியம் என்று ஐரோப்பிய மொழிகள் பல அவருக்குத் தெரியும். தமிழ் இலக்கியத்தை மட்டும் முறையாகக் கற்றிருக்கவில்லை. தூத்துக்குடி மறைமாவட்டத்தில் சேர்ந்து வடக்கன்குளம் பள்ளியில் பணி செய்தபோதுதான் ஒரு பண்டிதரிடம் தமிழ் இலக்கியம் கேட்கத் தொடங்கினார். பிறகு என்ன செய்தார் தெரியுமா? 1945-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. தமிழ் மாணவராகச் சேர்ந்தார். வயது 32, ரோமைப் பட்டம் ஏற்கனவே கையில். அப்படிப்பட்டவர் தம்மைவிட வயதில் இளையவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்தார்.

எம்.ஏ.க்குப் பின் எம்.லிட். பட்டத்துக்காக அவர் எடுத்துக்கொண்ட பொருளைப் பாருங்கள். பழந்தமிழ்ப் பாட்டில் இயற்கை எவ்வாறு வருகிறது என்பதே அது. "தமிழ் இலக்கியம் பற்றி" என்று பொதுவாகச் சொல்லி நிறுத்தவில்லை. கிரேக்க, லத்தீன் கவிதையை அறிந்த ஒருவர் சங்கப் பாட்டைக் கையில் எடுத்தால் எது கண்ணில் படுமோ, அதைக் கேட்டார். அவருடைய முந்திய படிப்பு வீணாகவில்லை. அந்தக் கேள்விக்குள்ளேயே அது வேலை செய்தது. பின்னர் 1957-இல் லண்டனில் பெற்ற டாக்டர் பட்டத்துக்கும் பழந்தமிழ் இலக்கியத்தில் கல்விச் சிந்தனை என்று திட்டமாகவே பொருள் வகுத்துக்கொண்டார். அப்போது அவர் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வித் துறை விரிவுரையாளர். பார்க்கும் வேலையும் படிக்கும் பொருளும் எப்படிக் கைகோத்து நடந்தன பாருங்கள்! 1964-இல் டில்லியில் உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றம் உருவானதிலும், 1966-இல் கோலாலம்பூரில் முதல் மாநாடு கூடியதிலும் அவர் கை இருந்தது அனைவரும் அறிந்ததே.

ஆகவே நம் பிள்ளைகளுக்கு நாங்கள் முதலாவதாகச் சொல்வது, விண்ணப்பத்தின் உயிர்நாடி நீங்கள் கேட்கும் கேள்வியில் இருக்கிறது. மதிப்பெண் கதவு வரைக்கும் கொண்டுபோகும். கதவைத் திறப்பது அந்தக் கேள்விதான். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் ஒன்றரைப் பக்கம், இரண்டு பக்கம் என்று அளவு குறித்து ஒரு நோக்க அறிக்கை கேட்கின்றன. அதில் நம் பிள்ளைகள் வழக்கமாக எழுதுவது: "சிறு வயது முதலே நான் தெய்வ பக்தி உள்ளவன், பீடச் சிறுவனாக இருந்தேன், என் பங்குக்கும் நாட்டுக்கும் சேவை செய்ய விரும்புகிறேன்." இவை நல்ல குணங்களே. நற்கருணை வீரர் சபைக்கு மனுப் போட்டால் உடனே எடுத்துக்கொள்வார்கள். பேராசிரியர் அதைப் படித்துவிட்டு, "சரி தம்பி, எதைத் தெரிந்துகொள்ள வேண்டும்?" என்று தேடுவார்; விடை இருக்காது.

கேள்வியை எப்படிக் கண்டுபிடிப்பது? அந்தத் தங்கையோடு உட்கார்ந்து நாங்கள் செய்த முயற்சியையே சொல்கிறோம். "தமிழ்க் கிறிஸ்தவம் பற்றி ஆராய வேண்டும்" என்று ஆரம்பித்தாள். அது ஏரி, அதில் எந்தக் கரையில் இறங்குவது? "தவக்காலப் பக்தி முயற்சிகள்" என்று சுருக்கினாள். அது இன்னும் பெரிய வயல்தான். பிறகு பேச்சோடு பேச்சாக, தன் பாட்டி பெரிய வெள்ளிக்கிழமையில் வியாகுல பிரசங்கத்தை அழுதுகொண்டே கேட்டதைச் சொன்னாள். நம் பெரியவர்கள் பலரும் கேட்டிருப்பீர்கள். அதை எழுதியவர் யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமி. 1676-இல் கோவாவில் பிறந்து, 1705-இல் இலங்கை சேர்ந்து, டச்சுக்காரர் ஆட்சியில் கத்தோலிக்கருக்கு நெருக்கடி இருந்த காலத்தில் சிங்களத்திலும் தமிழிலும் நூல்கள் எழுதி, 1742-இல் அங்கேயே காலமானவர். தமிழ் அவருக்குத் தாய்மொழி அல்ல. அப்படியானால், கொங்கணி பேசும் நாட்டவர் ஒருவர் இலங்கையில் எழுதியது, கடல் தாண்டி வந்து நம் பெண்களின் கண்ணீரில் எப்படிக் கலந்தது? ஒப்பாரி பாடும் வழக்கம் அதற்கு வழி செய்ததா? அச்சுக்கு வருமுன் ஏட்டில் யார் படி எடுத்தார்கள்? வாசிக்கும் பொறுப்பு ஏன் ஆண்களிடமும் அழும் பொறுப்பு பெண்களிடமும் போயிற்று?

இப்போது அது கேள்வி. இதைக் கேட்க அவளுக்கு உள்ள உரிமையை விண்ணப்பத்தில் விளக்க வேண்டியதே இல்லை. பாரிசில் இருக்கும் மாணவன் புத்தகம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதை அவள் காதால் கேட்டு வளர்ந்திருக்கிறாள். ஆனால் காதால் கேட்டது மட்டும் போதாது. இதைப் பற்றி முன்பு யார் எழுதியிருக்கிறார்கள், ஏடுகளும் பழைய அச்சுப் பிரதிகளும் எங்கே கிடைக்கின்றன, எந்த மொழிகள் வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். அவள் பொருளுக்குப் போர்த்துக்கீசியம் வேண்டும், கொஞ்சம் டச்சு வேண்டும். "இன்னும் படிக்கவில்லை, இந்த ஆண்டு தொடங்கியிருக்கிறேன்" என்று எழுதுவது கௌரவக் குறைச்சல் அல்ல.

பொருள் தேடி நாம் தூர தேசம் போக வேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம். புதுச்சேரி செயின்ட் லூயி வீதியில் 1955-இல் ழான் ஃபிலியோசா முதல் இயக்குநராக இருந்து தொடங்கிய பிரஞ்சு ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அங்கும், துய்மா வீதியிலுள்ள தூரகிழக்கு நாடுகளுக்கான பிரஞ்சுப் பள்ளியிலும் உள்ள சைவ ஓலைச்சுவடிகளை 2005-இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. நம் மிஷன் அச்சகத்தில் முசே சுவாமியும் துய்ப்புயி சுவாமியும் செய்த தமிழ்–பிரஞ்சு அகராதி 1855-லும் 1862-லும் இரு பாகமாக வெளிவந்தது. 1736 முதல் 1761 வரை ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிய நாட்குறிப்பு நம் ஊரின் சரித்திரம். இத்தனைக்கும் நடுவில் வசிக்கிறோம். உள்ளூர்ப் பிள்ளைகள் எத்தனை பேர் அந்த வாசல்களை மிதித்திருக்கிறார்கள்?

மறுபக்கமும் உண்டு. 1578-இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம், தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூல். அதன் பிரதி இன்று ஹார்வர்ட் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. தனிநாயகம் அடிகள் ஐரோப்பிய நூலகங்களில் தேடிப் பார்த்து, 1679-இல் அச்சான புரோயென்சா சுவாமியின் தமிழ்–போர்த்துக்கீசிய அகராதியை வத்திக்கானில் கண்டு, 1966-இல் கோலாலம்பூரில் மறுபடி அச்சிடச் செய்தார். நம் முன்னோர் கையில் இருந்த நூல்களைப் பார்க்கவே வெளிநாடு போக வேண்டிய நிலை. இது வருத்தம்தான். விண்ணப்பத்தில் "ஏன் உங்கள் பல்கலைக்கழகம்?" என்ற கேள்விக்கு இதைவிட நேர்மையான விடை கிடைப்பதும் அரிது.

எங்கே விண்ணப்பிப்பது? அருகிலிருந்து தொடங்குவோம். 1985-இல் ஏற்பட்ட புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகம் காலாப்பட்டில், பஸ் ஏறினால் எட்டும் தூரத்தில் இருக்கிறது. தமிழ், சரித்திரம், தத்துவம், பிரஞ்சு எல்லாம் உண்டு. எம்.ஏ. சேர்க்கைக்கு இப்போது மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். பட்டம் முடிந்து மே மாதத்தில் விசாரிக்க வருகிறவர்கள் அந்த ஆண்டை இழக்கிறார்கள்; விண்ணப்பம் குளிர்காலத்திலேயே வாங்கப்பட்டு, தேர்வு கோடை தொடங்குமுன் முடிந்துவிடுகிறது. எம்.பில். பட்டத்தை 2022-ஆம் ஆண்டு விதிகளோடு பல்கலைக்கழக மானியக் குழு நிறுத்திவிட்டது. இதை அறியாமல் இன்னும் எம்.பில். இடம் தேடும் பிள்ளைகளைப் பார்க்கிறோம்.

எம்.ஏ.க்குப் பிறகு நெட் தேர்வு, ஆண்டுக்கு இரண்டு முறை. தமிழ், சரித்திரம், தத்துவம் தவிர, சமய ஒப்பாய்வு என்றே ஒரு பாடம் அதில் இருக்கிறது. நம்மில் பலருக்கு இது புதுச் செய்தி. எம்.ஏ.யில் 55 விழுக்காடு வேண்டும். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50. ஜே.ஆர்.எப். கிடைத்தால் 2023 முதல் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், பின்னர் 42,000 ரூபாய். அதற்கு வயது வரம்பு 30. பெண்களுக்கும் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் 5 ஆண்டு தளர்வு உண்டு. 2024 முதல் பி.எச்.டி. சேர்க்கைக்கும் இந்தத் தேர்வின் மதிப்பெண்ணைப் பயன்படுத்துகிறார்கள். அந்தத் தாயாரிடம் இந்த 37,000 என்ற எண்ணைச் சொன்னபோதுதான் அவர்கள் நாற்காலியை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்!

கசப்பான செய்திகளையும் மறைக்கக் கூடாது. சிறுபான்மையினர் ஆராய்ச்சிப் படிப்புக்கு உதவிவந்த மௌலானா ஆசாத் நிதி 2022-இல் நிறுத்தப்பட்டது. அதை நம்பி வருகிறவர்களை இன்றும் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கிறது. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி தாழ்த்தப்பட்டோர் பட்டியல் சலுகை கிறிஸ்தவர்களுக்கு இல்லை. நம் குடும்பங்களில் எத்தனை பேருக்கு இது நெஞ்சில் தைத்த முள் என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை. எந்தப் பிரிவில் சான்று கிடைக்கும் என்பதைக் கடைசி வாரத்தில் விசாரிக்காமல், முன்கூட்டியே தாசில்தார் அலுவலகத்தில் கேட்டு வாங்கி வையுங்கள். வெளிநாட்டில் படிக்க மத்திய அரசு தரும் தேசிய உதவித்தொகையில் நிலமற்ற விவசாயத் தொழிலாளர், பரம்பரைக் கைவினைஞர் குடும்பங்களுக்கும் இடம் உண்டு. ஆனால் 2022-இல் வந்த விதிகள் இந்தியப் பண்பாடு, சரித்திரம், சமூகம் பற்றிய ஆராய்ச்சிப் பொருள்களை அதிலிருந்து விலக்கின. நம் பிள்ளை வெளிநாடு சென்று நம்மைப் பற்றியே ஆராய அந்தப் பணம் கிடையாது என்பது அதன் பொருள். விசித்திரந்தான்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முழு டாக்டர் படிப்புக்கு எடுத்துக்கொண்டால், பெரும்பாலும் கட்டணத்தைத் தள்ளிச் சாப்பாட்டுச் செலவுக்கும் கொடுக்கிறார்கள். எம்.ஏ.க்கு அப்படி இல்லை. பாதியோ முக்காலோதான் உதவி கிடைக்கும். வீட்டு மனையை அடகு வைத்துச் சமயப் படிப்பில் எம்.ஏ. படிக்க அனுப்ப வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. டாக்டர் பட்டம் பெற்றாலும் வேலை நிச்சயமில்லை. இடங்களும் குறைந்து வருகின்றன. 2025-இல் சிக்காகோ பல்கலைக்கழகமே தன் கலைத் துறைகளில் அடுத்த ஆண்டு டாக்டர் சேர்க்கையைச் சிலவற்றில் நிறுத்தியும் சிலவற்றில் குறைத்தும் அறிவித்தது. எனவே ஒரே ஒரு பெரிய பெயரை நம்பி உட்காராமல், நாட்டுக்குள்ளும் வெளியிலும் சேர்த்து விண்ணப்பம் போடுங்கள்.

பிரான்சிலும் ஜெர்மனியிலும் முறையே வேறு. அங்கே முதலில் ஒரு பேராசிரியர் உங்களை ஏற்க வேண்டும். பிறகுதான் பல்கலைக்கழகப் பதிவு. அவருடைய கட்டுரை ஒன்றையாவது படித்துவிட்டு, பத்து வரிக்குள் உங்கள் கேள்வியை எழுதுங்கள். ஒரே கடிதத்தை நாற்பது பேருக்கு அனுப்பினால் நாற்பது பேருக்கும் அது தெரிந்துவிடும். நம் ஊரில் 1962-க்குப் பின் பிரஞ்சுக் குடியுரிமை வைத்துக்கொண்ட சொல்தா குடும்பங்களின் பிள்ளைகளுக்கு விசா தொல்லை இல்லை. பாரிசில் சமய விஞ்ஞானத்துக்கென்றே 1886 முதல் ஒரு பிரிவு உயர் ஆய்வுப் பள்ளியில் நடக்கிறது. பெல்ஜியத்தில் லூவேன் இறையியல் பீடம் ஆங்கிலத்திலும் கற்பிக்கிறது. ரோமைப் பல்கலைக்கழகங்களில் பொதுநிலையினரும் சேரலாம், பெரும்பாலும் இத்தாலியம் வேண்டியிருக்கும்.

பரிந்துரைக் கடிதம் பற்றி ஒரு வார்த்தை. மூன்று பேர் எழுத வேண்டும். மூவரும் உங்களுக்குப் பாடம் சொன்னவர்களாக இருப்பது நலம். எம்.எல்.ஏ. கடிதம் வேண்டாம். பங்குத் தந்தையின் கடிதம் நன்னடத்தைக்குச் சாட்சி. ஆராய்ச்சித் திறமைக்கு ஆகாது. சுவாமி மன்னிக்க வேண்டும்! கல்லூரி ஆசிரியரிடம் ஆறு வாரம் முன்னதாகப் போய், உங்கள் அறிக்கையையும் நீங்கள் எழுதிய கட்டுரை ஒன்றையும் கொடுத்துக் கேளுங்கள். "நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்" என்று சொல்லும் ஆசிரியர்கள் உண்டு. பணிவாகப் பேசி அவரையே எழுத வையுங்கள். மூன்று கடிதமும் ஒரே நடையில் இருந்தால் சந்தேகம் வரும்.

அமெரிக்க விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பரிலும் ஜனவரி தொடக்கத்திலும் முடிகின்றன. மாதாவின் விண்ணேற்பு விழாவுக்குள் கேள்வி தெளிவாகி, குடில் கட்டும் நாளில் விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். விண்ணப்பக் கட்டணம் பல இடங்களில் 75 டாலருக்கு மேல். எழுதிக் கேட்டால் தள்ளுபடி செய்யும் இடங்கள் உண்டு. கேட்க வெட்கப்பட வேண்டாம். நகரில் ஏஜெண்டு ஒருவர், பெயர் வேண்டாம், தத்துவம் படிக்க விரும்பிய பையனிடம் பணம் வாங்கிக்கொண்டு அவனை ஓட்டல் நிர்வாகப் படிப்புக்குப் பதிவு செய்துவிட்டார். உதவித்தொகையோடு கூடிய டாக்டர் படிப்புக்கு ஏஜெண்டே தேவையில்லை.

கடைசியாக, சின்னதாகத் தோன்றிப் பெரிய இடைஞ்சல் செய்யும் சமாச்சாரம்: பெயர். ஞானஸ்நானப் பதிவில் சவேரியார் பெயர். பள்ளிச் சான்றில் சவரிமுத்து. ஆதாரில் தகப்பனார் பெயர் முதலெழுத்தாக. பாஸ்போர்ட்டில் அதே பெயர் குடும்பப் பெயராக. வெளிநாட்டு அலுவலகத்துக்கு இவர் நான்கு ஆட்கள். அந்தத் தங்கைக்கு மூன்று சான்றிலும் மூன்று எழுத்துக்கூட்டல். அதைத் திருத்தும் வேலை இப்போது நடக்கிறது. நோக்க அறிக்கையும் ஐந்தாம் முறையாக எழுதப்படுகிறது. ஷிப்டு முடிந்து காலையில் வந்து எழுதுகிறாள்.

அடுத்த ஞாயிறு முதல் இரண்டாம் பூசை முடிந்ததும் பங்கு மண்டபத்தில் நாங்கள் அமர்ந்திருப்போம். விருப்பமுள்ளவர்கள் ஞானஸ்நானச் சான்று, பத்தாம் வகுப்புச் சான்று, ஆதார் மூன்றையும், ஒரு வெள்ளைத் தாளில் உங்கள் கேள்வியை நான்கு வரியில் எழுதியும் கொண்டு வாருங்கள். தாய் தகப்பனாரையும் அழைத்து வரலாம், நாற்காலி இருக்கிறது.